சாந்தோம் துணியும் ஜப்பான் செம்பும்: நாகசாகியில் ஐந்து நாள்

முதல் நாள்: ஹகாடாவிலிருந்து

ஹகாடா ரயில் நிலையத்தில் அக்கா மகள் குடையோடு நின்றிருந்தாள். ஃபுகுவோகாவில் இரண்டு வருடமாக மேல்படிப்பு படிக்கிறாள். "மழைக் காலமா பாத்து வந்திருக்கீங்களே மாமா" என்பதுதான் முதல் வார்த்தை. எனக்கு லீவு கிடைத்தது ஜூனில்தான். அதுவும் ஒருவகையில் பொருத்தம். டச்சுக் கப்பல்களும் தென்மேற்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு பட்டேவியாவிலிருந்து, அதாவது இன்றைய ஜகார்த்தாவிலிருந்து, கோடையில்தான் நாகசாகிக்கு வந்து சேரும்.

எதற்காக இந்தப் பயணம் என்று சொல்லிவிடுகிறேன். சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கிளியரிங் அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாக வேலை பார்க்கிறேன். சரக்கு, சீட்டு, முத்திரை, கையெழுத்து, இதுதான் என் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போயிருந்தேன். அங்கே டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருப்பார்கள். 1613-இல் அவர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இப்போது மண்மேடு. அங்கே நின்றபோது ஒரு சாதாரணச் சந்தேகம் வந்தது. இவர்கள் இங்கே வந்தது துணி வாங்க. துணிக்குப் பதிலாக நம் ஆட்களிடம் எதைக் கொடுத்தார்கள்? ஆலந்தின் கம்பளியை நம் வெயிலில் யார் வாங்குவார்கள்?

தேடிப் படித்தபோது கிடைத்த பதில்களில் ஒன்று, ஜப்பான் செம்பு. அந்தச் செம்பு கப்பலேறிய இடம் நாகசாகி. அன்றிலிருந்து இந்த ஊர் மனதில் உட்கார்ந்துவிட்டது.

ஹகாடாவில் ஏறும் ரயில் தகேயோ ஓன்சென் வரைதான். அங்கே எதிர்ப்பக்கம் நிற்கும் ஷின்கான்சென் என்கிற புல்லட் ரயிலில் மாறி ஏற வேண்டும். நடைமேடையைவிட்டு இறங்கவே வேண்டாம், நாலு எட்டு நடந்தால் போதும். 2022-இல்தான் இந்தப் பாதை திறந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்குத் தெரிந்ததைவிடச் சுரங்கப்பாதை இருட்டே அதிகம்.

ராத்திரி சாப்பாட்டில் எல்லாவற்றிலும் ஒரு தித்திப்பு. அக்கா மகள் சிரித்துக்கொண்டே ஒரு வழக்கைச் சொன்னாள். பண்டத்தில் இனிப்பு போதவில்லை என்றால் "நாகசாகி தூரமா இருக்கு" என்பார்களாம். டச்சுக் கப்பல்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய சரக்கில் பெரும்பகுதி சர்க்கரை. அது இங்கிருந்து கொக்குரா வரை போன பழைய சாலைக்குச் சர்க்கரைச் சாலை என்றே இப்போது பெயர். துறைமுகத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோம் என்பதை நாக்கு சொல்லிவிடும். எங்கள் தொழிலில் இதைவிட நல்ல அளவுகோல் நான் கண்டதில்லை.

இரண்டாம் நாள்: தெஜிமா

டிராமில் தெஜிமா என்றே ஒரு நிறுத்தம் இருக்கிறது. இறங்கியதும் கடலைத் தேடினேன். கடல் இல்லை. சுற்றிலும் கட்டிடம், சாலை. ஒருபக்கம் மட்டும் ஆறு போல ஒரு கால்வாய். ஒரு காலத்தில் தீவாக இருந்த இடம், துறைமுக விரிவாக்கத்தில் சுற்றிலும் மண் தூர்த்து 1904-க்குள் நிலத்தோடு நிலமாகிவிட்டது. இப்போது கிடைத்த அடித்தளங்களின்மேல் பழைய கட்டிடங்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2017-இல் நகரத்துப் பக்கத்திலிருந்து ஒரு நடைபாலமும் போட்டார்கள். தெஜிமாவுக்குப் பாலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பது திரும்பக் கிடைத்திருக்கிறது.

விசிறி வடிவத்தில் வெட்டிய தீவு. மொத்தமே மூன்றே முக்கால் ஏக்கர் போலத்தான். நாகசாகி வியாபாரிகள் 25 பேர் பணம் போட்டு 1636-இல் முடித்தார்கள். கட்டியது டச்சுக்காரர்களுக்காக அல்ல, போர்த்துக்கீசியரை ஊருக்குள் விடாமல் ஓரிடத்தில் வைப்பதற்காக. 1639-இல் போர்த்துக்கீசியரை நாட்டைவிட்டே துரத்தியதும் தீவு காலி. வாடகை போனதே என்று தவித்த அந்த 25 பேருக்கு 1641-இல் புதிய குடித்தனக்காரர்களாக ஒல்லாந்தர் வந்தார்கள். ஆண்டு வாடகை 55 கன் வெள்ளி, நம் கணக்கில் 200 கிலோவுக்கு மேல். ஒரு தீவுக்கு வாடகைச் சீட்டு! 1859 வரை 218 வருடம் ஐரோப்பாவோடு ஜப்பானுக்கு இருந்த ஒரே வாசல் இதுதான்.

ஒல்லாந்தர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜப்பானியர் அவர்களை 'ஒரான்டா' என்றார்கள். நம் பழைய தமிழில் உலாந்தா, ஒல்லாந்தர். ஆலந்து என்ற சொல்லை ஆளுக்கொரு கரையில் அவரவர் வாய்க்கு வந்தபடி வளைத்திருக்கிறோம். அக்கா மகளிடம் 'கந்தோர்' என்று யாழ்ப்பாணத்தில் ஆபீசைச் சொல்வதும் டச்சுதான் என்றேன். அவள் பதிலுக்கு 'பீரு', 'கோஹீ', 'கராசு' என்று அடுக்கினாள். பீர், காபி, கண்ணாடி. மூன்றும் இந்த மூன்றே முக்கால் ஏக்கரைத் தாண்டி ஜப்பானிய மொழிக்குள் போனவை.

உள்ளே கடலை நோக்கி இருந்த தண்ணீர் வாசல் எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. இரண்டு கதவு, ஒன்று இறக்குமதிக்கு, ஒன்று ஏற்றுமதிக்கு. கப்பல் வந்து நின்றதும் நடந்ததைக் கேளுங்கள். பெயர்ப்பட்டியல் கேட்பார்கள். ஆட்களை எண்ணுவார்கள். துப்பாக்கியும் வெடிமருந்தும் கைமாறும். நாட்டில் கிறிஸ்தவத்துக்குத் தடை என்பதால் பைபிள்களைப் பீப்பாயில் போட்டு ஆணியடித்து மூடுவார்கள், திரும்பிப் போகும்போதுதான் திறக்கலாம். அப்புறம் சரக்குப் பட்டியல், அதற்கு மொழிபெயர்ப்பு, சரிபார்ப்பு, ஏலம். இதெல்லாம் முடியாமல் ஒரு மூட்டை நகராது. வடகிழக்குக் காற்று தொடங்கியதும் அதைப் பிடித்துக்கொண்டு கப்பல் கிளம்பியாக வேண்டும். நான் அங்கேயே பத்து நிமிடம் நின்றுவிட்டேன். என் மேசையில் தினமும் நடப்பதைத்தான் அந்தப் பலகையில் படித்துக்கொண்டிருந்தேன்.

தீவில் இருந்த டச்சுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர். அவர்களோடு பேசுவதற்கு மட்டும் ஜப்பானியர் தரப்பில் ஒரு காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட துபாஷிகள். தலைமுறை தலைமுறையாகக் குடும்பத் தொழில். அப்பா பயிற்சி எழுத்தராக ஆரம்பித்து மூத்த துபாஷியாக உயர்வார், பையன் பின்னாலேயே வருவான். டச்சு நாட்டைக் கண்ணால் பார்க்காமலேயே டச்சு இலக்கணம், வானவியல், மருத்துவம் என்று உள்ளே போனவர்கள் இவர்களில் உண்டு. ஷிசுகி தடாவோ என்பவர் துபாஷிக் குடும்பத்தில் வந்தவர். கெம்ஃபர் என்ற தெஜிமா மருத்துவர் ஜப்பானைப் பற்றி எழுதியதை 1801-இல் மொழிபெயர்த்தபோது, 'பூட்டிய நாடு' என்ற பொருளில் 'சகோகு' என்ற சொல்லை உண்டாக்கினார். இன்று உலகமே அந்தக் காலத்து ஜப்பானை அந்தச் சொல்லால்தான் அழைக்கிறது. நாடு பூட்டியிருந்தது என்று பெயர் வைத்தவரே அதன் திறந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர்.

கேப்டன் அறை என்கிற தலைவரின் வீடு மாடியில். தரையில் ஜப்பானியப் பாய், அதன்மேல் மேசை நாற்காலி. சுவரில் ஜப்பானியக் காகிதம். விருந்து மேசை ஒன்றை அலங்கரித்து வைத்திருக்கிறார்கள். அது 'ஒரான்டா தோஜி', டச்சுக்காரர்களின் மார்கழிச் சங்கிராந்தி விருந்து. கிறிஸ்துமஸ் என்று சொல்ல முடியாததால் சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்று பெயர் கொடுத்துக் கொண்டாடினார்கள். விருந்துக்குத் துபாஷிகளும் வந்தார்கள். என்ன விருந்து என்று வந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இந்தத் தலைவர் எடோ வரை, அதாவது இன்றைய தோக்கியோ வரை போய், நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனைக் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். 1790 வரை வருடா வருடம், பிறகு நாலு வருடத்துக்கு ஒருமுறை. போய்வர மூன்று மாதம் போல ஆகும். பாயில் மண்டியிட்டு நண்டு போல ஊர்ந்து உள்ளே போய், அதே போல ஊர்ந்து திரும்ப வேண்டும். கெம்ஃபர் 1691-இலும் 1692-இலும் கூடப் போனார். ஆடச் சொன்னார்கள், பாடச் சொன்னார்கள், குடிகாரனைப் போல நடக்கச் சொன்னார்கள். செய்தார்.

செம்புக் கிடங்குக்கு மதியம் வந்தோம். 2016-இல் திரும்பக் கட்டிய கட்டிடம். இதற்காகத்தான் நான் வந்தது.

ஜப்பானிலிருந்து முதலில் போனது வெள்ளி. 1668-இல் டச்சுக்காரர்கள் வெள்ளி கொண்டுபோகத் தடை வந்தது, செம்பு அதன் இடத்தைப் பிடித்தது. ஒசாகாவில் உருக்கிச் சுத்தம் செய்து, ஒரு சாண் நீளத்துக்குச் சற்றுக் கூடுதலாக, விரல் தடிமனில் கம்பி கம்பியாக வார்ப்பார்கள். நல்ல செக்கச் சிவப்பு. அறுபது கிலோ ஒரு பெட்டி. அந்தப் பெட்டிகள் ஐரோப்பாவுக்கு மட்டும் போகவில்லை. சூரத்துக்கு, வங்காளத்துக்கு, சோழமண்டலக் கரைக்குப் போயின. பழவேற்காட்டிலும் பிறகு நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள் காசு அடித்தார்கள். பானை செய்தோம், விளக்கு செய்தோம், காசு அடித்தோம், எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும். 'துட்டு' என்று நாம் சொல்வதே 'டுயிட்' என்ற டச்சுச் செப்புக்காசின் பெயர் என்று சொல்வதுண்டு.

செம்பை இறக்கி, துணியை ஏற்றி, அந்தத் துணியை மறுபடி கிழக்கே கொண்டுபோய் விற்றார்கள். ஜப்பானுக்கும் ஆலந்துக்கும் நடந்த வியாபாரம் என்று புத்தகத்தில் ஒரு வரியில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தக் கப்பலில் ஆலந்தின் சரக்கு மிகக் கொஞ்சம். வங்காளப் பட்டு, சயாமின் மான்தோல், ஜாவாச் சர்க்கரை, நம் கரையின் பருத்தித் துணி, இதுதான் ஏறி இறங்கியது. இரண்டு நாட்டு உறவைத் தாங்கியவர்களில் பாதிப் பேர் அந்த இரண்டு நாட்டிலும் இல்லை. தறியில் இருந்தார்கள், சுரங்கத்தில் இருந்தார்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்புகிற நேரத்தில் ஒரு பெரியவர், தன்னார்வ வழிகாட்டி, எங்களிடம் வந்து எந்த ஊர் என்று கேட்டார். அக்கா மகள் இந்தியா, மெட்ராஸ் என்றாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. துணி மாதிரிகள் இருந்த இடத்துக்கு எங்களைத் திரும்ப அழைத்துப்போய், மெல்லிய கோடு போட்ட ஒரு பருத்தித் துணியைக் காட்டி "சந்தோமே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். "சந்தோமே ஜிமா." அக்கா மகள் பலகையைப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மாமா, இது சாந்தோம்."

போர்த்துக்கீசியர் மயிலாப்பூருக்குப் பக்கத்தில் வைத்த பெயர் சாவோ தோமே. அங்கிருந்து வந்த கோடு போட்ட துணிக்கு ஜப்பானில் அந்த ஊர்ப்பேரே நின்றுவிட்டது. எடோ நகரத்து நாகரிகக்காரர்கள் ஆசைப்பட்டு உடுத்தினார்கள். பிற்பாடு ஜப்பானிலேயே அதேபோல நெய்யக் கற்றுக்கொண்டார்கள், அப்போதும் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. நான் தினமும் காலையில் நடக்கப் போவது சாந்தோம் தேவாலயத்தைத் தாண்டித்தான். அந்தப் பெரியவரிடம் போனில் வரைபடம் திறந்து காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். அந்தத் துணியை நெய்தவர் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது. ஊர்ப் பெயராவது போய்ச் சேர்ந்ததே.

மூன்றாம் நாள்: ஹிராடோ

நாகசாகியிலிருந்து சசேபோ, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் ஹிராடோ. சசேபோவில் இணைப்பு பஸ்ஸைக் கண்ணெதிரே தவறவிட்டோம். ஒரு மணி நேரம் மழையில் போயிற்று. சிவப்பு நிறப் பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழையும்போது பதினொன்றரை.

தெஜிமாவுக்கு முன்னால் டச்சுக்காரர்கள் இருந்தது இங்கேதான். கதையின் தொடக்கம் இன்னும் பின்னால், 1600-இல். ராட்டர்டாமிலிருந்து ஐந்து கப்பல்களாகக் கிளம்பியதில் ஒன்றே ஒன்று, 'லீஃப்டே', இந்தக் கியூஷு தீவின் கிழக்குக் கரையில் வந்து ஒதுங்கியது. இருபத்துச் சொச்சம் பேர்தான் உயிரோடு, நடக்கத் தெம்பில்லாமல். அதில் யான் யோஸ்டன் என்பவர் எடோவில் வீடு கொடுக்கப்பட்டு அங்கேயே தங்கினார். தோக்கியோ ஸ்டேஷனை ஒட்டிய யாயேசு என்ற பகுதிக்கு அவர் பெயர்தான் திரிந்து நிற்கிறது. 1609-இல் ஜப்பானின் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த தோகுகாவா இயேயாசு வியாபார அனுமதி கொடுத்தார், ஹிராடோவில் கிடங்கு எழும்பியது.

இப்போது துறைமுகத்தில் நிற்பது 1639-ஆம் வருடக் கிடங்கின் மறுகட்டுமானம், 2011-இல் திறந்தது. வெள்ளைச் சுவர், கனத்த கல், சின்ன ஜன்னல்கள். அசல் கிடங்கு அதிக நாள் நிற்கவில்லை. முகப்பில் கட்டிய ஆண்டைக் கிறிஸ்து பிறப்புக் கணக்கில் பொறித்திருந்தார்கள். 1640-இல் ஷோகுனின் அதிகாரி இனோவுயே மசாஷிகே வந்து பார்த்துவிட்டு இடிக்க உத்தரவிட்டார். அப்போதைய தலைவர் ஃபிரான்சுவா கரோன் மறுபேச்சு பேசவில்லை. தானே முன்நின்று இடிக்க ஆரம்பித்தார். மறுவருடம் எல்லாரும் தெஜிமாவுக்கு மூட்டை கட்டினார்கள்.

இந்தப் பணிவைத்தான் பலரும் சாமர்த்தியம் என்று புகழ்கிறார்கள். நான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும் என்பேன். 1638-இல் ஷிமபாராவில் வரிக் கொடுமை தாங்காமல் எழுந்த கிறிஸ்தவ விவசாயிகள் ஒரு பழைய கோட்டைக்குள் அடைந்தபோது, ஷோகுன் கேட்டார் என்று டச்சுக் கப்பல் கடலிலிருந்து அவர்கள்மேல் குண்டு போட்டது. ஜப்பானில் ஊர்ந்து போன அதே டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1621-இல் ஜாதிக்காய்க்காக பாண்டாத் தீவு மக்களைக் கொன்று குவித்தது. அங்கே தலைவெட்டியவர்களில் கூலிக்கு அமர்த்திய ஜப்பானிய வீரர்களும் இருந்தார்கள். பழவேற்காட்டிலிருந்து பஞ்சத்தில் நலிந்த நம் மக்களை ஆயிரக்கணக்கில் அடிமைகளாக ஏற்றியதும் அவர்கள்தான். அரசு பலமாக இருந்த இடத்தில் குனிந்தார்கள், பலமில்லாத இடத்தில் மிதித்தார்கள். ஆண்டுதோறும் வாடகை, ஆண்டுதோறும் காணிக்கை என்று ஜப்பான் வாங்கிய மரியாதையை நம் கரையால் வாங்க முடியவில்லை. இதை எழுதும்போது மனசு கனக்கிறது.

ஹிராடோவில் என்னைக் கலங்கவைத்தது கிடங்கு அல்ல. 1639-இல் ஐரோப்பியருக்குப் பிறந்த பிள்ளைகளையும் அவர்களைப் பெற்ற ஜப்பானியத் தாய்மாரையும் பட்டேவியாவுக்கு நாடுகடத்தினார்கள். திரும்ப வரக்கூடாது. ஆரம்பத்தில் கடிதமும் கூடாது. பிற்பாடு சிலவற்றை அனுமதித்தார்கள். ஜகத்தாராக் கடிதங்கள் என்று பெயர். ஜகத்தாரா என்றால் ஜகார்த்தா. அதில் கோஷோரோ என்ற பெண் எழுதியது காகிதத்தில் இல்லை. துணித்துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்து அதன்மேல் எழுதியிருக்கிறாள். ஜப்பான் ஞாபகமாகவே இருக்கிறது, திரும்பி வராத ஊர் என்று நினைத்தால் கண்ணீர் முட்டுகிறது என்று போகிறது. அக்கா மகள் அதை எனக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். இரண்டு வருடமாக அவள் ஊருக்குப் போகவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

கப்பல்துறைக்குப் பின்னால் டச்சுச் சுவர் என்று ஒரு கற்சுவர் மேட்டில் ஏறிப்போகிறது. மழையில் வழுக்கியது. கடைசி பஸ்ஸுக்குக் கீழே இறங்கிவிட்டோம்.

நான்காம் நாள்: மழை

விடாத மழை. ஊரெங்கும் ஹைட்ரேஞ்சியாப் பூ, நீலமும் ஊதாவுமாக. நாகசாகியின் பூ அதுதான். ஒரு வகைக்கு 'ஒதாக்சா' என்று பெயர் வைத்தவர் சீபோல்ட், 1823-இல் தெஜிமாவுக்கு வந்த ஜெர்மன் மருத்துவர். அவரோடு வாழ்ந்த ஒதாக்கி-சான் என்கிற குசுமோட்டோ தாகியின் பெயர் அது. நாருதாகியில் அவர் நடத்திய பள்ளிக்கு நாட்டின் பல மூலைகளிலிருந்து மாணவர்கள் வந்தார்கள். தடைசெய்யப்பட்ட ஜப்பான் வரைபடம் அவரிடம் இருந்தது தெரிந்து 1829-இல் வெளியேற்றப்பட்டார். வரைபடத்தைக் கொடுத்த வானவியல் அதிகாரி தகாஹாஷி காகேயாசு சிறையிலேயே இறந்தார். அறிவைக் கைமாற்றியதற்கு ஒருவருக்குக் கப்பல், இன்னொருவருக்குச் சிறை. தாகியின் மகள் இனே, ஜப்பானில் மேற்கத்திய மருத்துவம் படித்துப் பிரசவம் பார்த்த முதல் பெண்களில் ஒருவர்.

பழைய ஆளுநர் அலுவலகம் இருந்த இடத்தில் வரலாற்று அருங்காட்சியகம். மதியம் முழுக்க அங்கேதான். ஹென்ட்ரிக் டூஃப் என்பவரின் கதையை மட்டும் எழுதுகிறேன்.

1803-இல் தெஜிமாவின் தலைவரானார். அவர் இங்கே இருக்கும்போதே தாய்நாடு நெப்போலியன் கைக்குப் போய் 1810-இல் பிரான்சோடு சேர்ந்தது. 1811-இல் ஜாவாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். வருடக்கணக்கில் டச்சுக் கப்பல் ஒன்றுகூட வரவில்லை. சம்பளம் இல்லை, சரக்கு இல்லை, துணி கிழிந்தது. நாகசாகி அதிகாரிகள் கணக்கில் எழுதிக்கொண்டு சாப்பாடு போட்டார்கள். இல்லாத ஒரு நாட்டின் கொடியை அவர் தெஜிமாவில் ஏற்றிக்கொண்டே இருந்தார். 1813-இலும் 1814-இலும் ஜாவாவை நிர்வகித்த ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் அங்கிருந்து ஆள் அனுப்பி, தீவை ஒப்படையுங்கள் என்று கேட்டார். மாட்டேன் என்றார் டூஃப்.

அந்த வருடங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. துபாஷிகளோடு சேர்ந்து டச்சு-ஜப்பானிய அகராதி தயாரித்தார். வியாபாரம் படுத்தபோதும் சொல் வேலை நடந்தது. ஒரு தலைமுறை ஜப்பானிய மாணவர்கள் அதைக் கையால் படியெடுத்துப் படியெடுத்துப் படித்தார்கள். இப்படி உழைப்பவர்களைப் பற்றிப் படிக்கும்போது எனக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.

இதற்கு நடுவில் 1808-இல், டச்சுக் கொடியை ஏற்றிக்கொண்டு ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பல், ஃபேட்டன், துறைமுகத்துக்குள் வந்துவிட்டது. வழக்கம்போல வரவேற்கப் போன இரண்டு டச்சுக்காரர்களைப் பிடித்துவைத்துக்கொண்டு உணவும் தண்ணீரும் கேட்டது. காவலுக்கு இருக்க வேண்டிய வீரர்கள் போதுமான அளவில் இல்லை. கேட்டதைக் கொடுத்து அனுப்பினார்கள். அன்று ராத்திரி ஆளுநர் மட்சுதைரா யாசுஹிதே வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். ஒரு பொய்க்கொடி. எங்கள் தொழிலில் பொய்ப் பட்டியல் எத்தனையோ பார்த்திருக்கிறேன், அதற்கு உயிரைக் கொடுத்தவரை இன்றுதான் அறிகிறேன்.

சரக்கைத் தவிர டச்சுக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் கொடுத்தாக வேண்டியது ஒன்று உண்டு, செய்தி. கப்பல் வந்ததும் உலகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல வேண்டும், துபாஷிகள் எழுதி எடோவுக்கு அனுப்புவார்கள். பிரெஞ்சுப் புரட்சி அப்படித்தான் ஜப்பானுக்குத் தெரிந்தது. 1844-இல் டச்சு மன்னர் இரண்டாம் வில்லெம், அபினிப் போரில் சீனாவுக்கு நேர்ந்ததைச் சொல்லி, கதவைத் திறப்பது நல்லது என்று ஷோகுனுக்கே கடிதம் எழுதினார். மறுத்துவிட்டார்கள். அமெரிக்கக் கப்பல்கள் வரப்போகின்றன என்று 1852-இல் டச்சுக்காரர்கள் முன்கூட்டியே எச்சரித்தார்கள். 1853-இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி வந்து நின்றபோது எடோவில் மேலிடத்துக்கு அது புதிய செய்தி அல்ல.

ஐந்தாம் நாள்: அக்கரை

மழை நின்று வெளுத்திருந்தது. துறைமுகத்தின் எதிர்க்கரையில் கப்பல் கட்டும் தளத்தின் பாரந்தூக்கிகள் தெரிந்தன. கடைசிக் காலத்தில் டச்சுக்காரர்கள் ஜப்பானுக்குக் கொடுத்தவை சர்க்கரையும் துணியும் அல்ல. 1855-இல் ஒரு நீராவிக் கப்பலைப் பரிசாகக் கொடுத்து, கடற்படைப் பயிற்சியும் தொடங்கினார்கள். 1857 நவம்பரில் பொம்பே என்ற மருத்துவர் வகுப்பு எடுக்க ஆரம்பித்தார், இன்றைய நாகசாகிப் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு அந்த நாளிலிருந்துதான் தன் வயதைக் கணக்கிடுகிறது. அதே வருடம் ஹார்டெஸ் என்ற பொறியாளர் அக்கரையில் ஓர் இரும்புப் பட்டறை தொடங்கினார். அது வளர்ந்து மிட்சுபிஷி கப்பல் தளமானது.

இந்தக் கதையை இதோடு நிறுத்தியிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் சைவாய்-மாச்சிக்கும் போனோம். இப்போது அங்கே பெரிய கால்பந்து மைதானம், கடைகள், 2024-இல் திறந்தது. முன்பு அந்த இடம் மிட்சுபிஷியின் தொழிற்சாலை. போர்க்காலத்தில் அங்கே ஒரு கைதிமுகாம் இருந்தது. கைதிகளில் பெரும்பாலோர் ஜாவாவில் பிடிபட்ட டச்சு வீரர்கள், கப்பல் தளத்தில் வேலை வாங்கினார்கள். 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு விழுந்த இடத்திலிருந்து முகாமுக்கு இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. பிழைத்தவர்களும் உண்டு, செத்தவர்களும் உண்டு. டச்சுக்காரர் கைகாட்டித் தொடங்கிய தளத்தில் டச்சுக்காரர்கள் கைதிகள். மைதானத்தில் பிள்ளைகள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்தோம்.

கடைசியாக இனாசா மலையடிவாரத்தில் கோஷின்ஜி. பழைய புத்தக் கோயில். கிறிஸ்தவம் தடையில் இருந்த காலத்திலேயே இறந்த டச்சுக்காரர்களுக்கு இங்கே இடம் கொடுத்தார்கள். சீனர்கள், பின்னால் ரஷ்யர்கள் என்று எல்லாருக்கும் இங்கேயே. அக்கா மகள் கோயிலில் கேட்டுவிட்டு வந்தாள். மேட்டில் படியேறினோம்.

டச்சுக் கல்லறைகளில் பழையது ஹென்ட்ரிக் டூர்கோப்பினுடையது, 1778. தெஜிமாவின் தலைவராக ஏற்கெனவே இருந்தவர், மறுபடி பொறுப்பேற்க வரும் வழியில் கடலிலேயே இறந்துபோனார். உடலைக் கொண்டுவந்து இங்கே புதைத்தார்கள். கல்லில் பாசி. எழுத்துகளுக்குள் நேற்றைய மழைத்தண்ணீர் நின்றது. நான் விரலால் தடவிப் பார்த்தேன். பழவேற்காட்டிலும் இதே போல்தான், கல்லில் ஆழமாக வெட்டிய டச்சு எழுத்தின் பள்ளத்தில் தண்ணீர் நிற்கும், எறும்பு வந்து குடிக்கும்.

"அங்கேயும் இப்படித்தானா மாமா?"

"அங்கே கடல் பக்கத்துலேயே. கொக்கு நிக்கும்."

"டிசம்பர்ல ஊருக்கு வர்றேன். என்னைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

டிசம்பரில் அங்கே மழைத்தண்ணீர் வடிந்திருக்காது, பொங்கலுக்கு அப்புறம் போகலாம் என்றேன். சரி, லீவைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன் என்றாள். மூன்றே முக்கால் ரயிலைப் பிடிக்கப் படியிறங்கினோம்.